பிந்தி எழும்பும் பிள்ளை: நித்திரையும் பதகளிப்பும்

(கல்லூரியின் நூற்றாண்டு நிறைவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் ஒழுங்குசெய்த ஒன்றுகூடலில், முன்னாள் விடுதி மாணவியர் மூவர் சேர்ந்து ஆயத்தம் செய்து வாசித்த உரையின் எழுத்து வடிவம்.)



நூறு ஆண்டு கண்ட ஒரு கல்லூரியைப் பற்றிப் பேச எத்தனையோ பெருமைகள் உண்டு. எங்களுக்கு முன் பேசியவர்கள் அவற்றை நிறைவாகச் சொல்லிவிட்டார்கள். எங்களுக்குத் தரப்பட்டது மாணவியரின் உடல், உள நலம் பற்றிய பேச்சு. அது பெரிய கடல். நாங்கள் அதன் ஒரு கரையில் மட்டும் நிற்பதென்று முடிவு செய்தோம். அது நித்திரை. இன்னும் குறுக்கிச் சொன்னால், விடிய எழும்ப முடியாத பிள்ளை.

நாங்கள் மூவரும் ஒரே வகுப்பு, ஒரே விடுதி. 1990களின் முற்பகுதியில் உயர்தரம் படித்தவர்கள். இன்று ஒருவர் வைத்தியர், ஒருவர் ஆசிரியை, மற்றவர் ரொறன்ரோவில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தெடுத்த தாய். எங்களுக்குப் பொதுவாக இன்னொன்றும் உண்டு. மூவரும் மாணவ முதல்வர்களாக இருந்தோம். காலை மணி அடித்த பின் படிப்பு மண்டபத்துக்குப் பிந்தி வருபவர்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதியவர்கள் நாங்கள்தான். இந்தப் பேச்சும் அந்தப் பதிவேட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

லேற் புத்தகம்

அக்காலத்து விடுதி வாழ்க்கை இங்குள்ள பலருக்கு நினைவிருக்கும். விடிய ஐந்து மணிக்கு மணி. கிணற்றடியில் முகம் கழுவி, ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்து, ஐந்தரைக்குப் படிப்பு மண்டபத்தில் இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லாத ஆண்டுகள் அவை. மண்ணெண்ணெய் அருமை. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் படித்து, ஒன்பதரைக்கு அதையும் அணைத்துவிட வேண்டும். "எண்ணெயைச் செலவழிக்காமல் வெள்ளனப் படுத்து, விடிய எழும்பிப் படியுங்கோ" என்பதுதான் விடுதியின் வேதவாக்கு. ஔவையார் ஆத்திசூடியில் விடியலில் எழச் சொன்னதை முதலாம் வகுப்பிலேயே மனனம் செய்தவர்கள் நாங்கள். அதில் கேள்வி கேட்க எதுவும் இருப்பதாக அன்று எங்களுக்குத் தோன்றவில்லை.

எங்கள் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். அவள் பெயரை இங்கே சொல்லமாட்டோம். கணிதப் பிரிவு. தூய கணிதத்தில் எங்களால் முடியாத கணக்கை அவளிடம்தான் கொண்டுபோவோம். ஆனால் விடியற்காலையில் கொண்டுபோய்ப் பயனில்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் அவளுடைய கண்ணில் ஒளி வரும். விளக்கணைத்த பிறகும் நிலா வெளிச்சத்தில் விறாந்தை ஓரத்தில் இருந்து, விரலால் தரையில் கணக்குச் செய்துகொண்டிருப்பாள். படுக்கப் போனாலும் பன்னிரண்டு மணிக்கு முன் நித்திரை வராது என்பாள். காலை மணி அவளுக்குக் கேட்பதேயில்லை. உலுக்கி எழுப்பினால் எழும்புவாள், இருந்தபடியே மறுபடி உறங்குவாள்.

அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் கோட்டான். ஒரே தவணையில் முப்பது தடவைக்கு மேல் அவள் பெயரை லேற் புத்தகத்தில் எழுதினோம். பெயர் விழுந்தவர்கள் பிரார்த்தனை வேளையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நிற்க வேண்டும். அவள் நின்றாள். நாங்கள் சிரித்தோம். இதை மறைத்து இந்த மேடையில் வேறு எதையும் பேச எங்களுக்கு உரிமை இல்லை.

மூன்றாம் தவணையில் அவள் மாறினாள். இனிப் பிந்தமாட்டேன் என்று ஒன்பதரைக்கே படுத்தாள். ஆனால் நித்திரை வரவில்லை. "எழும்பாமல் விட்டிடுவனோ எண்டு பயமா இருக்கு. அந்தப் பயத்திலை நித்திரை வருதில்லை" என்று எங்களில் ஒருவரிடம் சொன்னாள். இரவில் நெஞ்சு படபடக்கும், விடியும்போது வயிற்றைப் பிரட்டும். விமானச் சத்தத்துக்கு எல்லோரும் பயந்திருந்த காலம் அது. ஆகவே அவளுடைய பயத்தை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை. பரீட்சையின் முதல் நாள் தூய கணிதத் தாளுக்குப் போனாள். அரை மணித்தியாலத்தில் கை நடுங்க, முகம் வெளிற, மண்டபத்தை விட்டு வெளியே வந்துவிட்டாள்.

அடுத்த ஆண்டு அம்மம்மா வீட்டிலிருந்து இரண்டாம் முறை எழுதிச் சித்தியடைந்தாள். அம்மம்மா அவளை ஏழு மணி வரை எழுப்பவில்லையாம். "பிள்ளை படுக்கட்டும்" என்றாராம். வேறு வைத்தியம் எதுவும் செய்யவில்லை.

சோம்பலா, உடலின் கடிகாரமா?

எங்கள் வளவுப் புளியமரத்தின் இலைகள் மாலையில் கூம்பி, காலையில் விரிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சூரியன் போவதால் கூம்புகின்றன என்றுதான் நினைப்போம். 1729இல் பிரான்ஸ் நாட்டு அறிஞர் டி மேரான், இதே இயல்புள்ள தொட்டாற்சுருங்கிச் செடியொன்றை முழு இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே இல்லாதபோதும் அதன் இலைகள் நேரத்துக்கு விரிந்து, நேரத்துக்குக் கூம்பின. கடிகாரம் செடிக்குள்ளேயே இருந்தது. அந்தக் கடிகாரம் உயிரணுக்களுக்குள் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களில் கண்டறிந்த ஹோல், ரொஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்களுக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

மனிதருக்கும் அது உண்டு. கண்ணின் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் அடிப்பகுதியில் இருக்கிறது. அதன் ஒரு சுற்று சராசரியாக 24 மணித்தியாலத்தைவிடச் சிறிது கூட. காலை வெளிச்சம்தான் தினமும் அதைச் சரிப்படுத்துகிறது. இரவானதும் அதன் கட்டளைப்படி மெலற்றோனின் என்ற ஓமோன் சுரந்து, உடலை நித்திரைக்கு ஆயத்தப்படுத்துகிறது. இந்தக் கடிகாரம் எல்லோருக்கும் ஒரே நேரம் காட்டுவதில்லை. சிலருக்கு முந்தும், சிலருக்குப் பிந்தும், பெரும்பாலோர் நடுவில் இருப்பர். 1976இல் ஹோர்ண், ஒஸ்ற்பேர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 19 கேள்விகள் கொண்ட வினாக்கொத்து ஒன்றை இதற்கென வெளியிட்டார்கள். இன்றும் உலகெங்கும் அது பயன்படுகிறது. மேல்நாட்டில் முந்துபவரை வானம்பாடி என்றும் பிந்துபவரை ஆந்தை என்றும் செல்லமாக அழைப்பார்கள். எங்கள் ஊரில் ஆந்தையும் கோட்டானும் அபசகுனம். பெயர் வைக்கும்போதே நாங்கள் தீர்ப்பும் எழுதிவிட்டோம்.

இதில் ஒரு பங்கு பரம்பரை. இன்னொரு பங்கு வயது. சின்னப் பிள்ளைகள் தாமாகவே வெள்ளன எழும்புவார்கள். பருவமடையும் காலத்தில் மெலற்றோனின் சுரக்கும் நேரம் பின்னே தள்ளிப்போகிறது. முன்பு எட்டரைக்குக் கண்ணைச் சுழற்றிய பிள்ளைக்கு இப்போது பத்தரை ஆனாலும் நித்திரை வராது. நாள் முழுதும் விழித்திருப்பதால் ஏறும் நித்திரைக் களையும் இந்த வயதில் சற்று மெதுவாகவே ஏறுகிறது.

"வளர வளர நித்திரை குறைவாகத்தானே தேவை?" என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 1970களின் பிற்பகுதியில் மேரி கார்ஸ்கடன் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பிள்ளைகளை முகாமுக்கு அழைத்து, இரவில் பத்து மணித்தியாலம் படுக்க விட்டு அளந்தார்கள். வயது ஏறியும் பிள்ளைகள் ஒன்பது மணித்தியாலத்துக்குச் சற்று மேலாகவே உறங்கினார்கள். 13 முதல் 18 வயது வரையானோருக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை வேண்டும் என்பதே இன்றைய மருத்துவப் பரிந்துரை.

இன்னொரு செய்தியைக் கேட்டபோது நாங்கள் மூவரும் சிறிது நேரம் பேசவில்லை. ஜேர்மனியைச் சேர்ந்த ரோனபேர்க் என்ற ஆய்வாளரின் குழு, ஆயிரக்கணக்கானோரின் நித்திரை நேரங்களைத் தொகுத்து 2004இல் வெளியிட்டது. அதன்படி கடிகாரம் மிக அதிகமாகப் பிந்தும் வயது, பெண்களுக்கு ஏறத்தாழ 19½, ஆண்களுக்கு 21 அளவில். அதன்பின் மெல்ல முந்தத் தொடங்குகிறது. அப்படியானால் எங்கள் பெண்பிள்ளைகள் உயர்தரம் எழுதும் பதினெட்டு, பத்தொன்பது வயதுதான் விடிய எழும்புவது மிகக் கடினமான வயது. அந்த வயதில்தான் விடியற்காலை ரியூசனையும் வைத்திருக்கிறோம்.

"எல்லாம் கைத்தொலைபேசியால் வந்த வினை" என்று சொல்வது சுலபம். அதில் உண்மையும் உண்டு. 2013இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் எட்டுப் பேரை ஒரு வாரம், மின்விளக்கோ தொலைபேசியோ இல்லாமல், மலையில் கூடாரமடித்துத் தங்கவைத்தார்கள். அவர்களுடைய உடற்கடிகாரம் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் முந்தியது. பிந்துபவர்களுக்கும் முந்துபவர்களுக்கும் இடையிலான தூரமும் குறைந்தது. ஆகவே இரவு வெளிச்சம் பிந்தவைக்கும், பகல் வெளிச்சம் முந்தவைக்கும். இதை மறுக்கவில்லை. ஆனால் 1990களின் யாழ்ப்பாணத்தில் எங்களிடம் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. அப்போதும் அவள் எங்களைவிடப் பிந்தித்தான் உறங்கினாள். தொலைபேசியைப் பறித்துவிட்டால் எல்லாப் பிள்ளையும் ஐந்து மணிக்கு எழும்பிவிடும் என்று எண்ண வேண்டாம்.

பதகளிப்பு எங்கே வருகிறது?

பிந்தி உறங்கும் இயல்புள்ள இளவயதினரிடம் மனச்சோர்வும் பதகளிப்பும் கூடுதலாகக் காணப்படுவதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. மனச்சோர்வுடனான தொடர்பு சற்றுத் தெளிவானது. பதகளிப்புடனான தொடர்பு ஆய்வுக்கு ஆய்வு கூடிக் குறைகிறது. இரவுப் பிள்ளையாக இருப்பது ஒரு நோயல்ல என்பதைப் பெற்றோர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். தன் நேரத்துக்குப் படுத்து, தன் நேரத்துக்கு எழும்ப முடிந்தால் அந்தப் பிள்ளை நன்றாகவே இருக்கும். பிள்ளையின் நேரமும் உலகத்தின் நேரமும் மோதும் இடத்தில்தான் துன்பம் பிறக்கிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். பன்னிரண்டு மணிக்கு உறங்கும் பிள்ளை, ஏழரைப் பாடசாலைக்காக ஐந்து மணிக்கு எழும்புகிறாள். ஐந்து மணித்தியாலம். குறைந்தபட்சத் தேவை எட்டு. ஒரு நாளைக்கு மூன்று குறைவு. ஐந்து பாடசாலை நாளில் பதினைந்து மணித்தியாலக் கடன். சனி, ஞாயிறில் ஒரு மணிக்குப் படுத்துப் பத்து மணிக்கு எழும்புகிறாள். வார நாளில் அவளுடைய நித்திரையின் நடுப்புள்ளி இரண்டரை மணி, வார இறுதியில் ஐந்தரை. மூன்று மணித்தியால வித்தியாசம். விமானத்தில் வந்திறங்கிய களைப்போடு இங்கே இருக்கும் அக்காமாருக்கு இது உடனே புரியும். கொழும்புக்கும் டுபாய்க்கும் இடையே ஒன்றரை மணித்தியாலந்தான் வித்தியாசம். இந்தப் பிள்ளை ஒவ்வொரு வெள்ளியும் அதன் இருமடங்கு தூரம் மேற்கே பறந்து, திங்கட்கிழமை விடியத் திரும்பி வந்து பாடசாலை வாசலில் நிற்கிறாள். ரோனபேர்க் குழுவினர் 2006இல் இதற்குச் சமூகம் தரும் விமானக் களைப்பு என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார்கள்.

நித்திரை குறைந்த மூளைக்குப் பயம் பெரிதாகத் தெரியும். ஓர் இரவு முழுவதும் விழித்திருந்தவர்களின் மூளையை 2007இல் படம் பிடித்துப் பார்த்தபோது, பயத்தையும் ஆபத்தையும் உணரும் பகுதி, உறங்கியவர்களுடையதைவிட ஏறத்தாழ 60 வீதம் கூடுதலாகத் துடித்தது. அதை அடக்கி வழிநடத்தும் முன்மூளையோடு அதற்கிருந்த தொடர்பு தளர்ந்திருந்தது. ஆசிரியர் சாதாரணமாகக் கேட்கும் கேள்வி அந்தப் பிள்ளைக்கு அதட்டலாகக் கேட்பது இதனால்தான்.

அதன்மேல் நாங்கள் ஏற்றும் சொற்கள் இருக்கின்றன. "சோம்பேறி." "மூதேவி." "பொம்பிளைப்பிள்ளை வெய்யில் வரும்வரை படுக்கலாமோ?" விடிந்ததும் காதில் விழும் முதற்சொல் இதுவானால், இரவு படுக்கும்போதே பிள்ளை அந்தச் சொல்லுக்குப் பயப்படத் தொடங்குகிறது. பயந்தால் நித்திரை வராது. நித்திரை வராவிட்டால் விடிய எழும்ப முடியாது. எழும்பாவிட்டால் மீண்டும் அதே சொல். எங்கள் தோழி சுழன்றது இந்தச் செக்கில்தான். அவளைச் செக்கில் பூட்டியது கடிகாரம் அல்ல. நாங்கள்.

மறுபக்கமும் உண்டு. சில பிள்ளைகள் கடிகாரம் பிந்தியதால் அல்ல, பதகளிப்பால்தான் விழித்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். வேறுபடுத்த ஒரு சிறு வழி: விடுமுறையின் இரண்டாம் கிழமையில் பிள்ளையைக் கவனியுங்கள். பன்னிரண்டுக்குப் படுத்தவுடன் உறங்கி, எட்டரைக்குத் தெளிவாக எழும்பினால், அது பிந்திய கடிகாரம். விடுமுறையிலும் இரண்டு மூன்று மணித்தியாலம் புரண்டு புரண்டு யோசித்துக்கொண்டிருந்தால், அங்கே வேறொரு கவலை இருக்கிறது. அதைப் பேசவிட்டுக் கேட்க வேண்டும்.

நேரத்தை மாற்றலாமா?

நேரம் என்பது கல்லில் எழுதியது அல்ல என்பது இலங்கையருக்குத் தெரியும். 1996 மே மாதம், மின்சாரத் தட்டுப்பாட்டின்போது, நாட்டின் கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே வந்தது. மீதி அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை நீடித்தது. வன்னியில் பழைய நேரம், யாழ்ப்பாணத்தில் புதிய நேரம். அந்தப் பத்தாண்டும் தை மாதத்தில் சூரியன் உதிக்க ஏழு மணியாகும். எங்களுக்குப் பின் வந்த தங்கைமார் இருட்டில் சைக்கிள் மிதித்துப் பாடசாலைக்கு வந்தவர்கள். பிள்ளைகள் இருட்டில் போகிறார்களே என்ற பெற்றோரின் முறைப்பாடு நாடெங்கும் இருந்தது. பெரியவர்கள் ஒரு கையெழுத்தில் நாட்டின் நேரத்தையே மாற்ற முடிந்தது. ஒரு பாடசாலையின் நேரத்தைப் பற்றிப் பேசுவதில் என்ன தவறு?

மற்ற நாடுகள் பேசத் தொடங்கிவிட்டன. இடைநிலை, உயர்நிலைப் பாடசாலைகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014இல் பரிந்துரைத்தது. சியற்றில் நகரம் 2016இல் உயர்நிலைப் பாடசாலைகளை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றியது. பிள்ளைகள் அந்த நேரத்தை விழித்திருந்து வீணாக்குவார்கள் என்றே பலர் நினைத்தார்கள். அளந்து பார்த்தபோது அவர்கள் நாளொன்றுக்கு 34 நிமிடம் கூடுதலாக உறங்கினார்கள். கலிபோர்னியாவில் 2022 முதல் இது சட்டம்.

எங்கள் வெயிலும் பேருந்துகளும் வேறு. ஒன்றரை மணிக்குப் பாடசாலை விடுவதற்கும் காரணம் உண்டு. அமெரிக்காவின் நேரத்தை இங்கே அப்படியே இறக்கச் சொல்லவில்லை. ஆனால் விடிய ஐந்தரைக்கு ரியூசன், ஏழரைக்குப் பாடசாலை, மூன்று மணிக்கு ரியூசன், ஏழு மணிக்கு மறுபடி ரியூசன் என்று ஒரு பிள்ளையின் நாளை அடுக்கியவர் யார்? அதைச் சட்டம் விதிக்கவில்லை. நாங்கள்தான் விதித்தோம். ஆகவே எங்களால் மாற்றவும் முடியும்.

வீட்டில், விடுதியில், பாடசாலையில்

வீட்டில் தொடங்குவோம். எழும்பியதும் பிள்ளையை முற்றத்துக்கு அனுப்புங்கள். பூ ஆயட்டும், வாளியில் தண்ணீர் எடுத்துச் செடிக்கு விடட்டும். காலை வெளிச்சம் கண்ணில் படும் அந்தப் பதினைந்து, இருபது நிமிடம் கடிகாரத்தை முன்னே இழுக்கும். இரவு ஒன்பதுக்குப் பிறகு வெளிச்சத்தைக் குறையுங்கள். தொலைபேசி எல்லோருடையதும் விறாந்தை மேசையில் உறங்கட்டும், அப்பா அம்மாவுடையதும் சேர்த்து. படிக்கும் பிள்ளைக்கென்று இரவு ஒன்பது மணிக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பதை நிறுத்துங்கள். அதிலுள்ள கஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் படுக்க விடுங்கள். ஆனால் வழமையான நேரத்தைவிட ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம் போதும். மீதிக் கடனைப் பின்னேரம் மூன்று மணிக்குள் இருபது, முப்பது நிமிடக் குட்டித் தூக்கத்தால் அடைக்கலாம். நேரத்தை முன்னே கொண்டுவர விரும்பினால் ஒரே நாளில் இரண்டு மணித்தியாலம் இழுக்க வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பதினைந்து நிமிடமாக நகர்த்துங்கள். பரீட்சைக்கு மூன்று கிழமைக்கு முன்பே இதைத் தொடங்கினால், காலைத் தாளுக்கு மூளையும் விழித்திருக்கும். படித்தது மனத்தில் பதிவதே நித்திரையில்தான் என்பதைப் பிள்ளைக்கும் சொல்லுங்கள்.

படுக்கையில் கவலை சுற்றும் பிள்ளைக்கு ஓர் அப்பியாசக் கொப்பி கொடுங்கள். மாலை ஆறு, ஏழு மணியளவில் நாளைக்குரிய கவலைகளையும், அவற்றுக்குச் செய்யக்கூடியதையும் எழுதி மூடி வைக்கட்டும். நித்திரை வராமல் இருபது நிமிடம் கடந்தால் எழும்பி வந்து, மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக இருந்துவிட்டு, கண்ணைச் சுழற்றும்போது மறுபடி படுக்கட்டும். "நித்திரை கொள், நித்திரை கொள்" என்று வற்புறுத்தினால் நித்திரை வராது.

ஆசிரியைமாருக்கு ஒரு வேண்டுகோள். முதலாம் பாடவேளையில் திடீர்ப் பரீட்சை வைக்காதீர்கள். விடுதிக்கு ஒரு வேண்டுகோள். காலைப் படிப்பு, இரவுப் படிப்பு இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யும் உரிமையை உயர்தரப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பாருங்கள். ரியூட்டரி நடத்தும் எங்கள் பழைய மாணவிகளும் இங்கே இருக்கிறீர்கள். விடியற்காலை வகுப்பை நிறுத்தும் முதல் ஆள் நீங்களாக இருக்கலாம்.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்? பல கிழமையாகப் பெரும்பாலான இரவுகளில் நித்திரை இல்லை, பாடசாலைக்குப் போக மறுக்கிறாள், காரணமின்றி நெஞ்சு படபடக்கிறது, சாப்பாடு குறைந்துவிட்டது, விருப்பமானவற்றிலும் விருப்பமில்லை என்றால் காத்திருக்காதீர்கள். குருதிச்சோகையோ தைரொயிட் கோளாறோ இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வாழ விருப்பமில்லை என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அன்றே போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். பேயோ கண்ணூறோ என்று நாளைக் கடத்த வேண்டாம். நித்திரைக் குளிசையை உறவினரிடம் வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம்.

ஒரு கேள்வியும் ஒரு விண்ணப்பமும்

இந்தப் பேச்சில் அவளுடைய கதையைச் சொல்லலாமா என்று எங்கள் தோழியிடம் தொலைபேசியில் கேட்டோம். வெளிநாடொன்றில் கணக்காளராக இருக்கிறாள். பெயர் சொல்லாமல் சொல்லுங்கோ என்றாள். நாங்கள் மூவரும் மன்னிப்புக் கேட்டோம். சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். "எனக்கு இப்பவும் சில நாளிலை விடிய நாலரைக்கு முழிப்பு வந்திடும். மணி அடிக்கப் போகுது எண்டு" என்றாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்: "அந்த லேற் புத்தகம் இன்னும் இருக்கோ?"

சென்ற வாரம் விடுதிக்குப் போய்ப் பார்த்தோம். இருக்கிறது. மட்டை புதிது, கோடுகள் அதே கோடுகள். பிந்தி வந்தவர் பெயர், வகுப்பு, நேரம்.

அதிபர் அவர்களே, அந்தப் புத்தகத்தை எரிக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. ஒழுங்கு வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதில் இன்னும் ஒரு நிரலைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறோம். "நேற்றிரவு எத்தனை மணிக்கு நித்திரை வந்தது?" என்ற நிரல். அதை நிரப்புவதற்கு, பெயர் எழுதும் மாணவ முதல்வர் அந்தப் பிள்ளையிடம் கேட்டே ஆகவேண்டும். எங்களை அன்று யாராவது அப்படிக் கேட்கவைத்திருந்தால், ஒரு தவணைக்குள் எங்களுக்கு எல்லாம் விளங்கியிருக்கும். பிரார்த்தனை வேளையில் எழுப்பி நிறுத்தும் வழக்கத்தையும் இந்த நூற்றாண்டோடு நிறுத்திவிடுவோம். விடுதிப் பிள்ளைகளோடு மாதம் ஒருமுறை இருந்து பேச, எங்கள் வகுப்பைச் சேர்ந்த வைத்தியரும் ஆசிரியையும் ஆயத்தமாக இருக்கிறோம்.

பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளே, உங்களில் சிலருக்கு இந்நேரம் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வரும். அதற்காக நாங்கள் கோபிக்கமாட்டோம். விடிய எழும்ப முடியவில்லை என்பதற்காக நீங்கள் கெட்ட பிள்ளைகள் ஆகிவிடுவதில்லை. உங்கள் கடிகாரத்தை அறிந்துகொள்ளுங்கள், முடிந்தவரை அதை வெளிச்சத்தால் பழக்குங்கள், பயம் வந்தால் ஒருவரிடம் சொல்லுங்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவளின் கடிகாரம் வேறு என்றால், அவளுக்குப் பெயர் வைக்காதீர்கள்.